இலவச விளையாட்டின் விலை

காணொளி விளையாட்டுகளை நல்லவை, தீயவை என்று பிரிப்பதைவிட, எது எந்த இடத்தில் பணம் கேட்கிறது என்று பார்ப்பதே வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

2011-இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட், விலை கொடுத்து வாங்க வேண்டியது. கட்டைகளை அடுக்கிக் குழந்தைகள் ஓர் ஊரையே எழுப்பலாம். நேரத்தை விழுங்குவது அதன் பெருங்குறை. உள்ளே அலங்காரப் பொருள்களுக்கு ஒரு கடை உண்டு. அதை நாடாமலும் முழுமையாக விளையாடலாம்.

கேண்டி கிரஷ் சாகாவோ பதிவிறக்க இலவசம். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதுக்கு ஏற்றது. ஆனால் 5 உயிர்களும் தீர்ந்தால், ஓர் உயிர் திரும்ப 30 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர் பணம் செலுத்தலாம். வெற்றிக்கு ஓரிரு நகர்வுகளே குறையும் வேளையிலும் கூடுதல் நகர்வுகள் விற்பனைக்கு வரும். தொகை சிறிது, தடவைகள் பல. கணக்கு அறிக்கையில் வரிசையாகக் காணும்போதுதான் கூட்டுத்தொகை புலப்படும்.

இலவசம் யாவும் இத்தகையன அல்ல. நன்கொடையால் இயங்கும் லீசெஸ் சதுரங்கத் தளத்தில் விளம்பரமும் இல்லை, விற்பனையும் இல்லை. தோல்வியைத் தாங்கும் மனம் மட்டும் வேண்டும்!

குழந்தைகளிடம் கைப்பேசியைத் தருமுன், கூகுள் பிளே அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்புக் கேட்குமாறு மாற்றிவிடுங்கள். சேமிப்புக் கணக்கின் அட்டை விவரத்தை அதில் பதிந்து வைக்காதிருப்பது இன்னும் நன்று.