மார்கழியில் சவுக்குத் தோப்புக்குள்ளே!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம் என்று போகிறவர்களின் கண் கடல் மேலேயே இருக்கும். இந்த மார்கழியில் ஒரே ஒரு தடவை சவுக்குத் தோப்புக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே வெட்டு நடக்கிறது, அப்படி ஒரு கலகலப்பு!

விடியும் முன்பே தார்பாய்க் கொட்டகை விழித்துக்கொள்கிறது. மேலே கிளையெல்லாம் பனி சொட்ட, கீழே மூன்று கல் அடுப்பில் வரக்காப்பி கொதிக்கிறது. சவுக்கு பச்சையாகவே பிடித்து எரியும் மரம், அதனால் குளிர்காய நெருப்புக்குக் குறையே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கு எரிபொருளாக இந்தக் கரையில் இதை நட ஆரம்பித்ததற்கும் அந்தக் குணம்தான் காரணம்.

பிள்ளைகள் விளையாட்டைப் பார்க்க வேண்டுமே! ஊசி இலையை ஒரு கணுவில் கழற்றி, மறுபடி செருகி, 'எங்கே ஒடைச்சேன் சொல்லு' என்று நீட்டுவார்கள். உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அது இலையே இல்லை, மெல்லிய கிளை. நிஜ இலை கணுவைச் சுற்றிப் பல்லுப் பல்லாய் ஒட்டியிருக்கும்.

'சாயுது, தள்ளு!' குரல் வந்ததும் எல்லோரும் விலக, மரம் படுக்கும். பெண்கள் மிலார், அதாவது சிறு கிளைகளைக் கழித்துக் கட்டுவார்கள். மேஸ்திரி ஒரு பார்வையில் பிரிப்பார்: இது பந்தல்கால், இது சாரத்துக்கு, இது காகித ஆலைக்கு. எனக்கு அந்தக் கண் மேல் அவ்வளவு ஆசை! மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்தால் முகூர்த்தம் குவியும். ஊர் ஊராய் எழும் பந்தல்களுக்குக் கால் இப்போதே இங்கே தயாராகிறது.

விலை டன் கணக்கு. காயக் காய எடை குறையும் என்பதால் வெட்டியதும் லோடு போயாக வேண்டும். மழை ஊறிய மண்ணிலோ லாரி இறங்காது. சாலை வரை தோள்தான். புயல் வந்தால் எல்லாம் தலைகீழ்: 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்ப் பக்கத் தோப்புகளை முறித்துப் போட்டது.

வெட்டுக்கு வருபவர்களில் இருளர் குடும்பங்கள் நிறைய. இப்படிப்பட்டவர்களை முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனாலும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். இந்தத் தோப்புகள் இருக்கும் செங்கல்பட்டுப் பகுதியும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதனால் கூலியை அன்றன்றே எண்ணிக் கையில் கொடுக்கும் தோப்பில் நிற்கும்போது எனக்கு நிஜமாகவே மனசு துள்ளுகிறது.

வெட்டு முடிந்தால் வேர்க்கட்டையையும் தோண்டி விறகாக்கிவிடுவார்கள். நிலத்தை உழுது, சிலர் கையோடு தர்ப்பூசணி விதைத்துவிடுகிறார்கள், கோடைக்குக் காய் வந்துவிடும்!