தீவனத்தில் கலந்த மருந்து ஆஸ்பத்திரி வரை போன கதை

போன ஈற்றில் மடிநோய் வந்தபோது இரண்டே ஊசியில் குணமான மாடு, இந்த முறை ஐந்து ஊசி போட்ட பிறகும் பாலைத் திரிதிரியாகவே கறக்கிறதா? மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். மடியில் உள்ள கிருமி அதற்குப் பழகிப் போயிருக்கலாம்.

ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் ஆஸ்பத்திரியில்தான் உருவாகின்றன, அதற்கும் விவசாயிக்கும் என்ன தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்பு உண்டு என்பதற்குத் தெளிவான சான்று சீனாவின் பன்றிப் பண்ணைகளில் கிடைத்தது.

கோலிஸ்டின் என்பது பழைய மருந்து. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானில் கண்டெடுக்கப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் மனித வைத்தியத்தில் அதை ஏறக்குறைய ஒதுக்கி வைத்திருந்தார்கள். புதிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கியதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு வழியே இல்லாத நோயாளிகளுக்கு மறுபடியும் அதை எடுத்தார்கள். அதே காலத்தில் பண்ணைகளில் பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை போட வேண்டும் என்று அதே மருந்தைத் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தார்கள். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

2013 ஜூலையில் ஷாங்காய் பகுதிப் பண்ணை ஒன்றின் பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலை கிருமி கோலிஸ்டினுக்குச் சாகவில்லை. அதன் உள்ளே இருந்த மரபணுவுக்கு எம்சிஆர்-1 என்று பெயர் வைத்தார்கள். சீன வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் அப்போது மருத்துவ நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த திமொதி வால்ஷும் இடம்பெற்ற குழு 2015 நவம்பரில் இதை வெளியிட்டது. வெட்டுக்கு வந்த 804 பன்றிகளில் 166இலும், கடைகளில் வாங்கிய 523 இறைச்சி மாதிரிகளில் 78இலும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அந்த மரபணு இருந்தது.

விஞ்ஞானிகள் பதறியதற்குக் காரணம் இந்த எண்ணிக்கை மட்டுமில்லை. அதுவரை தெரிந்திருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு ஒரு கிருமியிடமிருந்து அதன் வாரிசுகளுக்குத்தான் போகும். இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வயல்காரருக்குக் கைமாற்றாக விதைநெல் கொடுப்போம் இல்லையா, அதுபோல ஒரு கிருமி இந்த வளையத்தின் நகலைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். பன்றியின் குடலில் தொந்தரவு செய்யாமல் இருந்த ஈ.கோலையிடமிருந்து, மனிதனின் நுரையீரலைத் தாக்கும் கிருமி அதை வாங்கிக்கொள்ள முடியும்.

கோலிஸ்டின் குடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. வாய்வழி கொடுத்ததில் பெரும்பகுதி சாணத்திலும் எச்சத்திலும் வெளியே வந்துவிடும். அந்த எரு வயலுக்குப் போகும், கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகும். தீவனத்துக்குக் கொடுத்த காசில் பாதி நிலத்துக்கு மருந்து போட்டதுதான் மிச்சம்!

இனி நல்ல செய்தி. 2017 ஏப்ரல் 30 முதல் கோலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலப்பதைச் சீனா நிறுத்தியது. 2015-16இல் பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில் 34 சதவீதம் கோலிஸ்டினுக்கு அடங்காததாக இருந்தது. 2017-18இல் அது 5.1 சதவீதம். கோழிகளில் 18.1இலிருந்து 5 ஆனது. மனிதர்களிடமும் பாருங்கள்: எம்சிஆர்-1 உள்ள கிருமியைக் குடலில் சுமந்தவர்கள் 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். அடியோடு போய்விடவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று வருடத்தில் இவ்வளவு இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு.

நம் நாட்டிலும் 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், இறால் ஆகியவற்றுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. எனவே தீவன மூட்டையிலும் 'குடல் டானிக்' பாக்கெட்டிலும் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். எழுத்துப் பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளடக்கம் எழுதாத பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

மற்ற ஆன்டிபயாடிக் மருந்து போடும்போது, கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பால், முட்டை, இறைச்சி விற்கக்கூடாது என்பது மருந்து அட்டையில் இருக்கும். இல்லாவிட்டால் சட்டப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு 500 டிகிரி நாள், அதாவது குளத்துத் தண்ணீர் 28 டிகிரி என்றால் ஏறக்குறைய 18 நாள். அந்த நாட்களில் கறந்த பாலை வீணாக்க மனமில்லாமல் கன்றுக்கு ஊற்றுகிறோம். கன்றின் குடலில்தான் அடுத்த அடங்காத கிருமி வளரும். மனசு கேட்காதுதான், ஆனாலும் குழி தோண்டி ஊற்றிவிடுங்கள். கோழி எருவையும் பச்சையாகக் கீரைப் பாத்திக்குப் போடாமல், குவித்து மட்க வைத்த பிறகு போடுங்கள்.

மடிநோயின் ஆரம்பத்திலேயே பாலை முழுக்கக் கறந்துவிட்டு, சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீரில் கரைத்து, மடியில் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசும் முறை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. காய்ச்சல் இருந்தாலோ மடி கல்லாக இறுகினாலோ பூச்சோடு நிற்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்போது அவரிடம் பால் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அதை அனுப்பலாம். ஆய்வகத்தில் கிருமியைத் தட்டில் வளர்த்து, வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு வில்லைகளை அதன் மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் தேவையான அளவு விழுகிறதோ அந்த மருந்து கேட்கும் என்று பொருள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மாதிரியை முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நுனியைத் தேய்த்து, முதல் மூன்று நான்கு பீச்சலைக் கீழே விட்டு, அடுத்ததை டாக்டர் தரும் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். ஐஸ் வைத்து அன்றே கொண்டு போங்கள். சனிக்கிழமை எடுத்தால் ஆய்வகம் திறப்பதற்குள் பால் கெட்டுவிடும். முடிந்தவரை வார நாளில் காலைக் கறவையில் எடுப்பது தோது.