காய் விட்ட ஏடுகள்

நடுவில் ஓட்டையுள்ள வட்டக் காந்தம் இரண்டு கிடைத்தால், நிறுத்திவைத்த பென்சிலில் கோத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகக் கோத்தால் 'டப்'பென்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றைப் புரட்டிப் போட்டால் மேலே இருப்பது அந்தரத்தில் மிதக்கும். இரண்டுக்கும் காய்!

எவ்வளவு பெரிய காய் என்று அளக்கலாமா? அடியில் துளையிட்ட காகிதக் கப்பை மேல் காந்தத்தின் மீது செருகுங்கள். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். இடைவெளி பாதியாகக் குறைய எத்தனை கொட்டை? அதுதான் உங்கள் அளவு. (காசு வேண்டாம், நம் ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும்.)

சரி, அந்தக் காந்தங்கள் கண்ணுக்கே தெரியாத ஏடுகளாக இருந்தால் கொட்டையை எங்கே வைப்பது?

குரோமியம் ட்ரை அயோடைடு என்றொரு படிகம் இருக்கிறது. பெயர்தான் வாய்க்குள் நுழையாது. உள்ளே அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஓர் ஏட்டின் தடிமன் சுமார் 0.7 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் வர ஏறக்குறைய ஒரு லட்சம் ஏடு வேண்டும். இதைப் பிரித்தெடுக்க எந்த எந்திரம் தெரியுமா? ஒட்டும் டேப்! ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி உரிக்க வேண்டியதுதான். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால், மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு உரிப்பார்கள்.

2017-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் எம்ஐடியிலும் இருந்த விஞ்ஞானிகள் இந்த ஏடுகளைக் கடுங்குளிரில் சோதித்தார்கள். மைனஸ் 228 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் ஒற்றை ஏடு காந்தமானது. இரண்டு ஏடு சேர்ந்தால்? காந்தமே இல்லை! மூன்று சேர்ந்தால் மறுபடியும் காந்தம்.

காரணம் இங்கேயும் ஒரு காய்தான். ஓர் ஏட்டிலுள்ள குட்டிக் காந்த முட்கள் எல்லாம் மேலே பார்த்தால், அடுத்த ஏட்டின் முட்கள் கீழே பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். மூன்றாவது வந்தால் ஒன்று மிச்சம்.

இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்? ஒளியை வைத்து. ஒரு கயிற்றை மேலும் கீழுமாக உதறினால் அலை செங்குத்தாகவே ஓடும், இல்லையா? ஒளியையும் அப்படி ஒரே வாட்டத்தில் அதிர வைக்கலாம். அது காந்தத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த வாட்டம் துளியூண்டு சாய்ந்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கெர் 1877-இலேயே கண்டுபிடித்தது இது. சாய்வு இருந்தால் காந்தம், இல்லாவிட்டால் இல்லை.

இப்போது புளியங்கொட்டைக்கு வருவோம். இரட்டை ஏட்டுக்கு வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஒளி அசையவில்லை. இன்னும் கூட்டினார்கள். சுமார் 0.65 டெஸ்லாவில் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு அது) திடீரென்று சாய்ந்தது! முரண்டு பிடித்த ஏடு புரண்டு, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துவிட்டன. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ எந்திரங்கள் பலவற்றில் இருப்பது 1.5 டெஸ்லா, அதில் பாதிகூட இல்லை. அவ்வளவுதான் அந்தக் காயின் பலம்.

ஆனால் புலத்தை எடுத்ததும் பழையபடி காய்! 2019-இல் வேறொரு வழி பார்த்தார்கள். ஏடுகளை அழுத்தினார்கள். ஒன்றின் மேல் ஒன்று இலேசாக வழுக்கி இடம் மாறிற்று. அதோடு பழம் விட்டுக்கொண்டன. அழுத்தத்தை எடுத்த பிறகும் பழம்தான்.