உஷார்! பேஸ்மென்ட்டில் ரேடான்

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையப் பொறியாளர் ஒருவர் கதிர்வீச்சுச் சோதனைக் கருவியைக் கடந்தால் போதும், அலாரம் அலறும். வேலை முடிந்து போகும்போது அலறினால் புரிந்துகொள்ளலாம். காலையில் வீட்டிலிருந்து வந்து நுழைந்ததுமே அலறியது! அவர் வீட்டைச் சோதித்தார்கள். காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி ரேடான். நாலைத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை.

பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து வருகிற வாயு இது. நிறமில்லை, மணமில்லை. அடித்தள விரிசல்கள் வழியே மேலேறும். இதன் வாரிசான பொலோனியம் நுரையீரலுக்குள் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்களை வீசும்; நுரையீரல் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

"அதெல்லாம் சுரங்கத் தொழிலாளிக்குத்தான், வீட்டில் இருக்கும் துளி என்ன செய்துவிடும்?" என்பார்கள். இந்தப் பேச்சுக்குத் தெம்பு கொடுத்தவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கோஹன். 1,601 அமெரிக்கக் கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கணக்கை 1995-இல் வெளியிட்டார். ரேடான் கூடிய இடங்களில் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்றது அது! ஆனால் கவுண்டி சராசரியை வைத்து, எந்த வீட்டில் யார் எத்தனை சிகரெட் பிடித்தார் என்று எப்படிச் சொல்வது? ரேடான் கூடிய கவுண்டிகளில் புகைப்பவர்களும் குறைவு என்பது பிறகு தெரியவந்தது.

2005-இல் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் தொகுத்து, 7,148 நோயாளிகளின் வீடுகளை ஆராய்ந்தார்கள். கனமீட்டருக்கு 100 பெக்கரல் (பிகோகியூரி போல இதுவும் கதிரியக்க அலகுதான்) கூடினால் ஆபத்து 8.4 சதவீதம் ஏறியது. அளவீட்டுப் பிழையைத் திருத்தினால் 16. மிகக் குறைந்த அளவு பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லைதான். அது தீரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்க முடியும்?

சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் உஷார்! 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு, ரேடானே இல்லாவிட்டாலும் அவர்களுக்கு 10 சதவீதம். 400 பெக்கரலில் 16. புகைக்காதவருக்கு அதுவே 0.4, 0.7.

பென்சில்வேனியாவில் அந்தப் பொறியாளர் வீட்டுக்கு அடியிலிருந்த பாறைத் தொடர் வடக்கு நியூ ஜெர்சிக்கும் நீள்கிறது. அங்கே வீடு வாங்கிய மகன், "பேஸ்மென்ட்டில்தான் உங்களுக்கு ரூம் போட்டிருக்கேம்ப்பா" என்று பாசமாகச் சொன்னால், "ரேடான் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். கடையில் கிட் கிடைக்கிறது. ஜன்னல்கள் மூடிக்கிடக்கும் குளிர்காலத்தில் வைத்துப் பார்ப்பது உத்தமம். அளவு கூடினால், தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் தள்ளும் குழாயும் விசிறியும் போடுவார்கள். ஏற்கெனவே குழாய் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் மாட்டியிருக்கும் வளைந்த குழலின் வண்ணத் திரவம் இரு பக்கமும் சமமாக நின்றால், விசிறி ஓடவில்லை!