பச்சைக் குழந்தைக்கு எந்தத் துணி நல்லது?

வீட்டில் பேத்திக்குப் பிரசவ மாதம். ஆச்சி இரும்புப் பெட்டியைத் திறக்கிறார். மடித்து வைத்த பழைய எட்டு முழ வேட்டியை வெளியே எடுக்கிறார்.

"எதுக்கு ஆச்சி பழந்துணி? வண்ணார்பேட்டைக் கடையிலே புதுசா வாங்கிக்கிடலாமே!" என்கிறாள் பேத்தி.

"பச்சப் பிள்ளைக்குப் பழந்துணிதாம்ளா இதம்!" என்கிறார் ஆச்சி.

யார் சொல்வது சரி?

ஆச்சி சொல்வதுதான் சரி. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கலாம்! அதைத் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழந்துணி ஏன் நல்லது?

பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். அது தோலை உறுத்தும். பல முறை துவைத்த பருத்தித் துணியில் அவை போயிருக்கும். நூல் இளகி, துணி பஞ்சுபோல் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும். காற்றும் உள்ளே போகும்.

நைலான், பாலியஸ்டர் துணிகள் இப்படி அல்ல. வியர்வையை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவை வேண்டாம்.

ஒரு எட்டு முழ வேட்டியை நான்காகக் கிழித்தால், குழந்தையைச் சுற்றப் போதுமான நான்கு துண்டுகள் கிடைக்கும். சரிகைக் கரை இருந்தால் கத்தரித்து எடுத்துவிடுங்கள். குழந்தை அடிக்கடி நனைக்கும். ஆகவே ஒரு டஜன் துண்டுகளாவது கைவசம் இருக்கட்டும்.

கடையில் புதிதாக வாங்கினாலும் குற்றமில்லை. மெல்லிய பருத்தியாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே போடுங்கள்.

வெள்ளாவி சொல்லும் பாடம்

வண்ணார்பேட்டை தாமிரபரணிக் கரையில் உள்ளது. துணி வெளுக்கும் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. அந்தக் காலத்து வெளுப்பு எப்படி? துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைப்பார்கள். வெள்ளாவியில் வைத்து ஆவியில் வேக விடுவார்கள். பிறகு ஆற்றில் அலசி, வெயிலில் காயப் போடுவார்கள்.

ஆவியின் சூட்டில் கிருமிகள் சாகும். வெயிலில் ஈரம் முழுவதும் போகும். அந்த உழைப்பாளிகள் கைக்கொண்ட முறையில் நல்ல சுகாதாரம் இருந்தது!

நாமும் வீட்டில் அதைச் செய்யலாம். பழந்துணியைச் சோப்புப் போட்டுத் துவையுங்கள். பத்து நிமிடம் கொதிநீரில் போடுங்கள். நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாவிட்டால் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுங்கள். ஈரத் துணி குழந்தையின் உடல் சூட்டைக் குறைத்துவிடும்.

பெட்டியில் இருக்கும் ஆபத்து

துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியில் பாச்சை உருண்டை போடுகிறோம். அந்துருண்டை என்பதும் அதுதான். அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன்.

சில குழந்தைகளின் ரத்தத்தில் 'ஜி-6-பி-டி' என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். அத்தகைய குழந்தை நாப்தலீன் வாடையைச் சுவாசித்தால், சிவப்பணுக்கள் உடையும். காமாலை ஏறும். மிகவும் முற்றினால் மூளையைத் தாக்கும். உயிரே போகலாம்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-ஆம் ஆண்டிலேயே இப்படிப் பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

எண்ணெயில் நாப்தலீன் எளிதில் கரையும். நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம். எண்ணெய்த் தோலில் இந்த வாடைத் துணியைச் சுற்றினால் கேடு இன்னும் அதிகம்.

ஆகவே, உருண்டை போட்ட பெட்டித் துணி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அன்றாடம் உடுத்தித் துவைத்த வேட்டியும் சேலையும் போதும். குழந்தையின் துணியைத் தனியாக, உருண்டை இல்லாமல் வையுங்கள்.

குழந்தை பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள்.

எப்படிச் சுற்றுவது?

தோளுக்குக் கீழே சுற்றுங்கள். முகத்தில் துணி படக் கூடாது. நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கால்களை நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள்! தவளைக் கால் போல மடங்கி, அகன்று, தாராளமாக அசையட்டும். நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு நழுவலாம். ஜப்பானில் 1975-ஆம் ஆண்டு வாக்கில் இதைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதன்பின் அங்கே அந்தக் குறை பெரிதும் குறைந்தது.

சுற்றிய குழந்தையை மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். புரள முயலும் அடையாளம் தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். குப்புறப் புரண்டுவிட்டால் கட்டுண்ட குழந்தையால் திரும்ப முடியாது. மூச்சு முட்டும்.

குளிரா, புழுக்கமா?

சித்திரை வெயிலில் மெல்லிய துணி ஒரு சுற்றுப் போதும். கழுத்து வியர்த்தால், நெஞ்சு சிவந்தால், அதையும் தளர்த்துங்கள். மழைக் காலத்தில் இரண்டு சுற்றுச் சுற்றலாம்.

குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்குகிறது. உடனே தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்துங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தாயின் மார்பைவிடக் கதகதப்பான துணி எந்தக் கடையிலும் இல்லை! அதற்கு அடுத்தது ஆச்சி உடுத்தித் துவைத்த நூல் சேலைதான். எடுத்துச் சுற்றும் முன் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். உருண்டை வாடை வந்தால் தள்ளி வையுங்கள்!