புது லேப்டாப் பேசமாட்டேன் என்கிறதா?

எதிர்வீட்டு மாமி போன வாரம் கண் கலங்க வந்து நின்றார். பேத்தி முதன்முதலாக நடந்ததை மகள் ஐபோனில் எடுத்து, கூகுள் டிரைவ் வழியாக அனுப்பியிருக்கிறாள். புது லேப்டாப்பில் போட்டால் படமும் இல்லை, சத்தமும் இல்லை! கடைக்காரரோ, "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும்" என்றாராம். அதில் ஏற்றி வைத்த கல்யாண போட்டோக்களின் கதி?

"கொஞ்சம் பொறுங்கோ மாமி" என்று போய்ப் பார்த்தேன்.

விண்டோஸ் 11-ல் திரையின் வலது கீழ்க்கோடியில் ஸ்பீக்கர் படம் இருக்கிறதல்லவா? அதை அமுக்கி, சத்தக் கோட்டின் பக்கத்தில் உள்ள சின்னக் குறியைத் தொட்டால், சத்தம் எங்கே போகிறதென்று தெரியும். பேரனின் ப்ளூடூத் இயர்போனுக்கல்லவா போய்க்கொண்டிருந்தது! பிள்ளையாண்டான் அதைச் சோபாவில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தான். பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்துவிட்டது.

படம்தான் படுத்தியது. 2017-லிருந்து புது ஐபோன்கள் இடத்தை மிச்சம் பிடிக்க, 'எச்.ஈ.வி.சி' என்ற முறையில் வீடியோவைச் சுருக்கி வைக்கின்றன. அதைப் பிரித்துக் காட்டும் வசதி எல்லா லேப்டாப்பிலும் இருப்பதில்லை. மெஷின் பழுது என்று அர்த்தமில்லை! 'விஎல்சி' என்ற இலவச ப்ளேயரைப் போட்டால் போதும். அதை வீடியோலேன் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கண்ட இடத்தில் வேண்டாம். மகளிடமும் சொல்லியாயிற்று: ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. இனி எடுப்பது எங்கும் ஓடும்.

தத்தித் தத்தி நாலடி வைத்து, பொத்தென்று உட்கார்ந்தது குழந்தை. மாமி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் எனக்கு வைத்த காபி ஆறிப்போயிற்று!