கரியமில வாயுவை எரிபொருளாக்கும் ‘குளிர்ந்த மின்னல்’

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடைகளின் நியான் பெயர்ப் பலகைகளைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இன்று அந்த இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டன. ஆனாலும் அந்த நியான் குழலை மறந்துவிட வேண்டாம். புவியைச் சூடாக்கும் வாயுக்களை எரிபொருளாக மாற்ற உலகெங்கும் நடக்கும் ஒரு முயற்சியின் சூட்சுமம் அந்தக் கண்ணாடிக் குழலுக்குள்தான் இருக்கிறது.

எரியும் நியான் குழலைக் கையால் தொட்டால் பெரிதாகச் சுடாது. உள்ளே ஓடும் எலெக்ட்ரான்களின் வெப்பநிலையோ 10,000 டிகிரியைத் தாண்டும். இது எப்படிச் சாத்தியம்? மின்னழுத்தம் எலெக்ட்ரான்களை விரட்டுகிறது. அவை வாயு அணுக்கள்மீது மோதுகின்றன. எலெக்ட்ரான் மிக மிக இலேசானது. கொசு மோதி யானை நகராது என்பதுபோல், அணுக்கள் ஓட்டம் பிடிப்பதில்லை. அதனால் வாயு சூடாவதும் இல்லை. ஆனால் மோதலின் வேகம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைக் கழற்றிவிடுகிறது. திடம், திரவம், வாயு ஆகிய மூன்றுக்கும் அப்பாற்பட்ட நான்காவது நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னல் சூடான பிளாஸ்மா. நியான் குழலில் இருப்பது குளிர் பிளாஸ்மா.

இதற்கும் கரியமில வாயுவுக்கும் என்ன தொடர்பு?

கரியமில வாயு ஒரு பிடிவாதக்காரன். கரி எரிந்து, தன் சக்தியை எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் சாம்பலைப் போன்றது அது. வெறும் வெப்பத்தால் அதைப் பிளக்க வேண்டுமானால் 2,000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மீத்தேனோடு சேர்த்து, நிக்கல் வினையூக்கியின் துணையோடு சூடாக்கினால் 700 முதல் 900 டிகிரி போதும். ஆனால் அதற்குப் பெரிய உலை வேண்டும்; வினையூக்கியின்மீது கரி படிந்து வேலை நின்றுபோகும் தொல்லையும் உண்டு.

குளிர் பிளாஸ்மா உலை இந்தச் சூட்டைத் தவிர்க்கிறது. இரண்டு உலோக மின்வாய்கள். நடுவே ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் தடுப்பு. சில மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு ஓடுகிறது. பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் இடைவெளி முழுதும் பொடிப் பொடி மின்னல்கள். 1857-இல் ஜெர்மானியர் வெர்னர் வான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த கருவியும் இதே அமைப்புதான். உள்ளே கரியமில வாயுவும் மீத்தேனும் உடைந்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பிறக்கின்றன. இவ்விரண்டின் கலவையிலிருந்து டீசலும் மெத்தனாலும் செய்யலாம். சரவாக் மாநிலத்தின் பிந்துலுவில் 1993-இல் தொடங்கப்பட்ட ஷெல் ஆலை, இயற்கை எரிவாயுவை முதலில் இதே கலவையாக்கித்தான் டீசலும் மெழுகும் தயாரித்தது. ஆக, கலவை கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை மலேசியாவுக்குப் புதிதன்று.

இன்னும் ஒருபடி மேலே சென்றவர்களும் உண்டு. 2017-இல் பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்விரு வாயுக்களிலிருந்து 30 டிகிரி வெப்பத்திலேயே, அதாவது கோலாலம்பூரின் பகல் சூட்டிலேயே, மெத்தனால், எத்தனால், அசிட்டிக் அமிலம் போன்ற திரவங்களை ஒரே படியில் பெற்றுக் காட்டினார்கள். அசிட்டிக் அமிலம் வேறொன்றுமில்லை, சமையலறை வினிகரில் இருக்கும் புளிப்புதான்.

பிளாஸ்மா ஆராய்ச்சி இந்த மண்ணில் நேற்று முளைத்ததன்று. 1985-86-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் குழுவினர் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அங்கே உருவான சிறிய பிளாஸ்மா கருவி பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. அது சூடான பிளாஸ்மா. குளிர் வகையில், ஜொகூர் மாநிலத்தில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர் அய்ஷா சைடினா அமினும் அவருடைய மாணவர் இஸ்தாடியும் 2006-லேயே மீத்தேன், கரியமில வாயு மாற்றம் குறித்து எழுதினார்கள். அக்குழுவின் ஆய்வுகள் அடுத்த பத்தாண்டிலும் தொடர்ந்தன.

மலேசியாவுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குச் செம்பனை ஆலைக்குப் பின்னால் போக வேண்டும். கேரித் தீவிலும் கோல லங்காட்டிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறுப்புக் குளங்களின் நாற்றம் மூக்கைவிட்டுப் போயிருக்காது. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய 2.5 முதல் 3 டன் கழிவுநீர் மிஞ்சுகிறது. குளத்தில் அது புளிக்கும்போது, ஒரு டன் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் வாயு கிளம்புகிறது. அதில் 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். பிளாஸ்மா உலைக்கு வேண்டிய இரண்டு வாயுக்களும் ஒரே குளத்திலிருந்து, ஒன்றாகவே வருகின்றன! முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை மட்டும் முதலில் நீக்கிவிட வேண்டும்.

அப்படியானால் நாளைக்கே தொடங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிலோ கரியமில வாயுவைப் பிளக்க, எந்தச் சேதாரமும் இல்லாத கற்பனை உலைக்கே சுமார் 1.8 யூனிட் மின்சாரம் தேவை. கிள்ளானுக்கு அடுத்த காப்பாரில் எரிவதுபோல நிலக்கரியை எரித்து அந்த மின்சாரம் வந்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.9 முதல் 1 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு கிலோவை ஒழிக்கப் போய் 1.7 கிலோவை உண்டாக்கியதாகும். நிஜ உலையின் கதை இன்னும் மோசம். மேலே சொன்ன கண்ணாடித் தடுப்பு உலையில் கரியமில வாயுவை மட்டும் பிளக்கும்போது திறன் 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 18 யூனிட் செலவு, 17 கிலோ புகை! மைக்ரோவேவ் பிளாஸ்மாவிலும் நகரும் மின்பொறி உலையிலும் 40 விழுக்காட்டுக்கு மேலும் எட்டியிருக்கிறார்கள். ஆனால் மற்ற வழிகளோடு போட்டியிட 60 விழுக்காடாவது வேண்டும் என்று 2017-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

எனவே ‘கரியமில வாயுவை விழுங்கும் கருவி’ என்று விளம்பரம் வந்தால், அதன் மின்கம்பி எங்கே போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். கம்பி சூரியத் தகட்டில் முடிந்தால் மட்டுமே இலாபம். அங்கே பிளாஸ்மாவுக்கு ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. பெரிய உலையைச் சூடேற்றவும் ஆறவைக்கவும் மணிக்கணக்காகும். பிளாஸ்மாவையோ விளக்குப் போடுவதுபோல நொடியில் போட்டு, நொடியில் அணைக்கலாம். நண்பகலில் தேவைக்கு மேல் கிடைக்கும் வெயில் மின்சாரத்தை எரிபொருளாக்கிப் பீப்பாயில் சேர்த்து வைக்க இது ஏற்றது. அந்த எரிபொருள் எரிந்தால் மீண்டும் கரியமில வாயுதான் வரும். ஆனால் குளத்து வாயுவின் கரி, செம்பனை மரம் காற்றிலிருந்து எடுத்த கரி என்பதால் கணக்கு ஏறுவதில்லை.

இதற்கு வலுவான போட்டியும் உண்டு. குளத்தை மூடி, வாயுவைப் பிடித்து, எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கும் எளிய வழியைச் செம்பனை ஆலைகள் பல ஏற்கெனவே பின்பற்றுகின்றன. புதிய ஆலைகளும் உற்பத்தியை விரிவாக்க அனுமதி கேட்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும் என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2014 ஜனவரியில் கொண்டுவந்த விதி. பழைய ஆலைகள் எல்லாம் இன்னும் குளத்தை மூடிவிடவில்லை. பிளாஸ்மா உலை வந்தாலும் வராவிட்டாலும் அந்த மூடி வேண்டும். வாயுவைப் பிடிக்காமல் எந்த உலைக்கும் வேலையில்லை.